தோர்ஜ் அங்கிள் வரைந்த அம்மா

எங்கள் பக்கத்து வீட்டு தோர்ஜ் அங்கிள் போய்விட்டார். அவர் மகள் சோல்மா ஆபீசுக்கே போன் செய்து சொன்னாள். மாரடைப்பு. நம் சான்டா கிளாரா பொங்கல் விழாவுக்கு மேடைத் திரை வரைந்து கொடுத்த மங்கோலியக்காரர் என்றால் உங்களுக்குத் தெரியும்.

கராஜில்தான் வரைவார். எல்லா ஆயில் பெயின்டிங்கிலும் ஒரே பெண்மணி. பட்டு அங்கி, வெள்ளியும் பவளமும் தொங்கும் தலையணி, எண்பதை ஒட்டிய முகம். அவருடைய அம்மா. சிற்றரசர் வீட்டுப் பெண். அந்த ஒரு குற்றத்துக்காக, அங்கிள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவைச் சிப்பாய்கள் கூட்டிப் போனார்கள். திரும்பவே இல்லை. பயந்துபோன அப்பா போட்டோக்களை எல்லாம் எரித்துவிட்டார். அங்கே வெகுகாலம் டிராக்டரையும் தொழிலாளிகளையும்தான் வரைய விட்டார்களாம். கம்யூனிஸ்ட் ஆட்சி மாறிய பிறகுதான் அம்மாவை வரையத் தொடங்கினார். வருடத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றிலும் ஒரு வயது கூடும்.

"அழகா, இளமையா வரையக் கூடாதா அங்கிள்?" என்று ஒருநாள் வாய்த்துடுக்காகக் கேட்டேன்.

"உயிரோடு இருப்பவர்களுக்கு வயதாகும்" என்றார்.

என் கணவருக்கு எதைச் சொன்னாலும் பாதிதான் காதில் ஏறும். சென்னை போனவர் ஆசையாக ஒரு சந்தன மாலை வாங்கிவந்து, தன் கையாலேயே அந்த வருடத்து அம்மா படத்துக்குப் போட்டார். அங்கிள் மலர்ந்துபோய் முகர்ந்து பார்த்தார். எதற்கு இது என்று கேட்டார். இறந்தவர்கள் படத்துக்கு நாங்கள் செய்யும் மரியாதை என்று இவர் விளக்கினார்.

அங்கிள் மாலையைக் கழற்றினார். "அவள் செத்ததை யார் பார்த்தது?" என்றார். கராஜ் கதவை இறக்கிவிட்டார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தானடி பண்ணேன்" என்றார் இவர், வீட்டுக்கு வந்ததும்.

"முதல்ல போய் ஸாரி சொல்லுங்க."

போய்ச் சொன்னார். அங்கிள் தோளில் தட்டிக் கொடுத்தார். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கதவு மூடியே இருந்தது.

அடக்கம் முடிந்த பிறகு சோல்மா கராஜைத் திறந்து காட்டினாள். கடைசிப் படம் ஸ்டாண்டிலேயே இருந்தது. அதே பட்டு, அதே பவளம். முகம் மட்டும் இருபது சொச்சம் வயதுப் பெண்ணுடையது, சிப்பாய்கள் கூட்டிப் போன அன்றைய வயது. நாற்பதைத் தாண்டிய சோல்மா, "பாட்டி என்னைவிடச் சின்னவளாகிவிட்டாள்" என்று அழுதாள். என் கணவர் வெளியே போய் நின்றுகொண்டார். பெற்றவளுக்குத் தானே காரியம் செய்துவிட்டுத்தான் அங்கிள் போயிருக்கிறார். அதற்கு நாங்கள் காரணமாகிவிட்டோமே என்று எனக்கு ஆறவேயில்லை.

ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள் சோல்மா. எண்பது வயது அம்மாவைக் கேட்டு வாங்கினேன். ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் யார் இவர் என்று கேட்டால், பக்கத்து வீட்டு அங்கிளின் அம்மா, மங்கோலியாவில் இருக்கிறார் என்று சொல்கிறேன்.