மூச்சு வாங்கிய லாரி

இன்று பள்ளிக்கூடம் போயிருக்கும் என் மகளைப் போன மாதம் வலிப்போடு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, எங்கள் ஊர் விஸ்வநத்தத்துக்குப் பட்டாசு லோடு ஏற்ற வந்த ஒரு லாரி. நரைத்த மீசைக்கார டிரைவர், ஏலத்தில் எடுத்த டர்போ என்னும் காற்றூட்டியைத் தானே பொருத்தி எஞ்சினுக்குக் குதிரைத்திறன் கூட்டியிருந்தார். ஆனாலும் மேட்டில் அடக்கியே ஓட்டினார்.

“விரட்டுங்கண்ணே!”

“விரட்டுனா எஞ்சின் சூடேறி நடுவழியில, கள்ளிக்குடியிலயே நின்னுரும் தம்பி. பிள்ள மதுர போய்ச் சேர வேண்டாமா?”

ஆஸ்பத்திரி வாசலில் மகளைத் தூக்கிக்கொண்டு மனைவி உள்ளே ஓடினாள். எனக்குக் கால் எழவில்லை. டிரைவர் எஞ்சினை நிறுத்தாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சூட்டோட அணைச்சா டர்போ கருகிரும். செத்த நேரம் மூச்சு வாங்கட்டும். நீங்களும் வாங்குங்க. இப்பிடி நடுங்கிக்கிட்டுப் போனா, தாயும் பிள்ளையும் பயந்துருவாக.”

என் நடுக்கம் நின்ற பிறகுதான் எஞ்சினை நிறுத்தினார்.