மெதுவாகப் போகிறவரே முன்னால்

அப்பா எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் வாசலில் சைக்கிள் மணி கேட்டால், சுக்குக் காப்பிக்குத் தண்ணீர் வைக்க என் கை தானாகப் போகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அந்தக் காப்பியைக் குடித்தவர்கள்தாம்.

அப்பா பிறந்தது சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில். ஜப்பான்காரன் ஆண்ட பஞ்ச காலத்தில், தீவின் மேற்கே இருக்கும் சுவா சூ காங்கிலிருந்து மரவள்ளிக்கிழங்கு மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வயிற்றை நிரப்பினார். பிறகு துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை. ஓய்வு பெற்றதும் வீட்டோடு இருப்பார் என்று அம்மா நம்பினார். நல்ல நம்பிக்கை! அதே சைக்கிளைத் துடைத்து எடுத்து, தம் வயதுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிறுதோறும் அதே சுவா சூ காங்குக்குக் கிளம்பிவிட்டார்.

அந்தக் கூட்டத்துக்கு அப்பா வைத்த சட்டம் ஒன்றுதான். மெதுவாகப் போகிறவர் முன்னால் போகவேண்டும். அவரை யாரும் முந்தக்கூடாது. தலைவரான அப்பா, காற்றடிக்கும் பம்பைத் தம் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கடைசியில் வருவார். யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பது பின்னாலிருந்தால்தான் தெரியுமாம்.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர் சைக்கிளைத் தொடவில்லை. முன்னால் போகச் சொல்லிவிடுவார்களே என்ற ரோஷம்! சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் நின்றுபோயிற்று. நோய் விட்டாலும் இந்த ரோஷம் அப்பாவைக் கொண்டுபோய்விடும் என்று நான் பயந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் அழவும் செய்தேன்.

ஒரு ஞாயிறு எல்லோரும் எங்கள் வாசலில் வந்து நின்றுகொண்டார்கள்.

"வர்றேன். ஆனா கடைசியிலதான் வருவேன்" என்றார் அப்பா.

"மெதுவாப் போறவர் முன்னுக்குப் போகவேணும். சட்டம் நீங்கள் வைச்சது. அவர் போகட்டும், நாங்கள் நிக்கிறம்" என்றார் யாழ்ப்பாணத்துச் செல்லையா மாஸ்டர்.

"யாருய்யா அது, மெதுவாப் போறவன்?"

ஆளாளுக்குக் குனிந்து தங்கள் டயரை அமுக்கிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில், அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்த ஆறுமுகம் மாமாதான், "வெயில் ஏறுது லா. நீங்க போனாத்தான் நாங்க போவோம்" என்றார்.

அப்பா அவரை முறைத்தார். பிறகு பம்பைக் கழற்றி மாமாவின் சைக்கிளில் மாட்டினார். "எல்லாரையும் பாத்துக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகு முடிந்தவரைக்கும் முன்னால்தான் போனார்.

அப்பாவின் இறுதி ஊர்வலத்தன்று பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். அப்பாவை ஏற்றிய லாரி சற்று வேகமாகக் கிளம்பியது. செல்லையா மாஸ்டர் ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். "தம்பி, மெல்லப் போங்கோ. முன்னுக்குப் போறவருக்கு ஏலாது" என்றார். பின்னால் நண்பர்கள் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். கடைசியில் பம்போடு ஆறுமுகம் மாமா.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், அந்த நாட்களில் எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பா, கடைசி வரைக்கும் உங்களை யாரும் முந்தவில்லை.