ஒரு முகத்துக்கு ஒரு டம்ளர்

சனிக்கிழமை பஜனைக்கு வரும் எல்லோருக்கும் சேதுவின் வணக்கம். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிழைக்க வந்த இந்த வங்காள ஊரில் ஆப் டாக்சி ஓட்டுகிறேன். எழுதுவதெல்லாம் நமக்கு எதற்கு? ஆனால் நம் பஜனைக் குழுவை நடத்தும் கார்த்திக் இருக்கிறானே, நியூ டவுனில் கம்ப்யூட்டரைத் தட்டுகிறவன், அவன் விடவில்லை. அம்மாவிடம் கேட்டால் வேண்டாம் என்பாள், தப்பித்துவிடலாம் என்று அவளிடம் போனேன்.

"எழுதுடா. நாலு பொம்பளைங்க படிக்கட்டும். ஆனா உன் கிண்டலை மட்டும் ஓரமா வெச்சுட்டு எழுது" என்றாள்.

முதலில் சொன்னதைச் செய்கிறேன். இரண்டாவதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரு வருஷமாக அம்மா பஜனையில் கதவு ஓரமாகத்தான் உட்கார்ந்தாள். முன்பெல்லாம் நடுவில் உட்கார்ந்து முதல் குரல் எடுத்தவள். யாருடனோ மனஸ்தாபம் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அதெல்லாம் இல்லை. உரக்கப் பாடினால், தும்மினால், சிரித்தால்கூட அவளுக்குச் சிறுநீர் கசிந்துவிடும். சட்டென்று எழுந்து ஓட வசதியாகத்தான் கதவு ஓரம். பிறகு பாடுவதையே நிறுத்தினாள். பெற்ற பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சிரிப்பு மூட்டும்போதெல்லாம் "சும்மா இருடா" என்று சீறியது ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

கடைசியில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும், அதன் முடிவைப் பார்த்துத்தான் வைத்தியம் என்றார். கந்த சஷ்டி ஆரம்பிக்கிற அன்றைக்கு நாள் கொடுத்தார்கள்.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிறவியிலேயே சந்தேகம். பயணி டிப்ஸ் கொடுத்தால்கூட நோட்டைத் திருப்பிப் பார்ப்பேன். அங்கே நர்ஸ் ரொம்பச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்? அம்மா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"மெல்லிசா ட்யூப் போட்டு தண்ணிய உள்ள ஏத்தினாங்கடா. ஏத்திட்டு இருமுங்கன்னாங்க."

"நாமதான் வீட்லயே நல்லா இருமுறோமே, இதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

ஒன்றிரண்டு நாள் எரிச்சல் இருக்கும், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், வலித்தால் இந்த மாத்திரை, அடிவயிற்றில் வெதுவெதுப்பான ஒத்தடம், காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் வராமல் நின்றாலோ உடனே வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார்.

அன்று மாலையே எரிச்சல் ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் பாத்ரூம் கதவுக்குப் பின்னாலிருந்து "முருகா, முருகா" என்று சத்தம் வரும்.  மறுநாள் குறையவில்லை, கூடியது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "ரிப்போர்ட்டும் வேணாம், வைத்தியமும் வேணாம். இனி அந்தப் பக்கமே கூப்பிடாதே. பஜனைக்கும் நான் வரலை" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான்தான் பெரிய பாட்டிலில் தண்ணீர் பிடித்து அவள் பக்கத்தில் வைக்கிறேனே. ஒரு சவாரி முடித்து வந்து பார்த்தால் பாட்டில் காலி. மறுபடி நிரப்புகிறேன், மறுபடி காலி. இவ்வளவு தண்ணீர் குடித்தும் எரிகிறது என்றால் கோளாறு எங்கே? ஆஸ்பத்திரியில்தான். உள்ளே எதையோ கீறிவிட்டு மறைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். என்ன தெரியும்? மாத்திரைதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுச் சண்டை பிடித்தேன். நர்ஸ் பொறுமையாகத்தான் பேசினார். காய்ச்சல் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். "அவ்வளவு தண்ணி குடிச்சா இவ்வளவு எரியக் கூடாதே. சரி, அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்" என்றார். அம்மா எழவே மறுத்துவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரம். முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். உங்களைப் போல உருகிப் பாட எனக்கு வராது. அன்றைக்கு அவன்மேலும் எனக்குச் சந்தேகம். சஷ்டி நாளில் வந்து நிற்கிற ஒருத்தியை இப்படித் துடிக்க வைத்துவிட்டு இவன் எதற்கு மயிலோடு போஸ் கொடுக்கிறான்? வாய்விட்டே கேட்டேன்.

"முருகா, எங்கயோ ஒருத்தர் பொய் சொல்றாங்க. நர்ஸா, மருந்துக்கடையா, யாருன்னு எனக்குக் காட்டு. நான் பாத்துக்கறேன். அம்மா வலிய மட்டும் நீ எடுத்துடு."

அழுதுவிட்டேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை, டாக்குரியா பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் பௌதி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. பௌதி என்றால் வங்காள மொழியில் அண்ணி. உறவில்லை, ஆனால் சண்டை போடும் உரிமை முழுசாக உண்டு.

"சேது! ஓ சேது! உங்க வீட்டுல மட்டும் மழை பெய்யுதா? நான் காயப்போட்ட பருப்பு வடகம் எல்லாம் கூழாப் போச்சு!" என்று வங்காள மொழியில் கத்தினார்.

பால்கனிக்கு ஓடினேன். எங்கள் துளசித் தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது. தட்டு நிரம்பி, கம்பி வழியாகத் தண்ணீர் கீழே சொட்டுகிறது. துளசி மஞ்சளாகி, மூழ்கிப் பிழைத்தவன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. நான் தண்ணீர் ஊற்றவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். திரும்பிப் பார்த்தேன். பாட்டில் காலி. அம்மா காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா. இந்தத் தண்ணி எங்க போச்சு?"

காலண்டரில் ஒரு தாளைப் புரட்டினாள்.

"அம்மா!"

"டெஸ்ட் நல்லபடியா முடியணும்னு சஷ்டி விரதம் எடுத்திருக்கேன்டா. ஆறு நாளும் விளக்கு வெச்சப்புறம்தான் தண்ணி."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா விடுவியா? கீழ கொட்டவும் மனசு வரலை. துளசிக்காவது போகட்டும்னுதான்..." குரல் உடைந்துவிட்டது. "சாயந்திரம்கூட ஒரு வாய்தான்டா குடிச்சேன். குடிச்சா போகணும். போனா நெருப்பா எரியுது. பயமா இருக்குடா."

பொய் சொன்னது யார் என்று காட்டு என்று கேட்டேன். காட்டிவிட்டான். பெற்ற தாயையே காட்டிக் கொடுப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கோபம் வந்தது. அதைவிடச் சிரிப்பு வந்தது. "துளசியை முதல்ல அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்மா, அதுக்குத்தான் இப்ப டெஸ்ட் வேணும்" என்றேன். அம்மா அழுகையோடு சிரித்தாள். ஆனாலும் விரதத்தை முறிக்க மாட்டேன் என்று பிடிவாதம்.

பாட்டிலை நிரப்பி முருகன் காலடியில் வைத்தேன். கற்பூரம் காட்டினேன்.

"இது இப்ப தீர்த்தம். தீர்த்தம் குடிச்சா விரதம் போகாது, இல்லையா?"

அம்மாவுக்கும் என் ரத்தம்தானே, சந்தேகமாகப் பார்த்தாள். "உத்தரணிக் கரண்டியில ஒரு துளி குடுத்தா தீர்த்தம். பாட்டில் நிறையவாடா?"

"அவனுக்கு ஆறு முகம். ஒரு முகத்துக்கு ஒரு டம்ளர். எந்த முகத்தை வேணாம்னு சொல்லப் போற?"

அம்மா படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள். முதல் டம்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்தது. அப்படியே அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வடகம் போன கோபத்தை மறந்து பௌதியும் துணைக்கு ஏறிக்கொண்டார். சிறுநீரைப் பரிசோதித்தார்கள். கிருமி எதுவும் இல்லை, தண்ணீர் போதாமல் சிறுநீர் கெட்டியானதுதான் எரிச்சலைக் கூட்டியிருக்கிறது என்றார்கள். அந்த நர்ஸ் இப்போதும் சிரித்தார். அவருக்கு முகமே அப்படித்தான் போலிருக்கிறது. போனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து பௌதி ஒத்தடம் கொடுத்தார். அம்மா மாத்திரை போட்டாள். டம்ளர்களும் தொடர்ந்தன. சாயந்திரத்துக்குள் "முருகா" என்ற கூப்பாடு பாதியானது. மறுநாள் பாத்ரூமிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

"எரியலைடா. போய் வேலையப் பாரு!"

அந்தத் திட்டைக் கேட்டு நான் நேராக முருகன் படத்துக்கு முன்னால் போய் விழுந்தேன்.

பிறகு ரிப்போர்ட் வந்தது, வைத்தியம் ஆரம்பித்தது. டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்கிறாள். கசிவு குறைந்துகொண்டு வருகிறது. துளசியும் துளிர்விட்டிருக்கிறது. நான் இன்னும் சந்தேகப் பேர்வழிதான். ஆனால் இப்போது சந்தேகம் வந்தால் முதலில் அவனிடம் போய்க் கேட்கிறேன், பிறகுதான் சண்டை.

சகோதரிகளே, நீங்களும் அவனை நம்பிக் கேளுங்கள். எந்த வழியாகப் பதில் சொல்வான் என்று தெரியாது, எங்களுக்குக் கீழ் வீட்டு வடகத்தில் சொன்னான். வலியை மட்டும் அவனிடமும் டாக்டரிடமும் மறைக்காதீர்கள். விரதம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் தாகத்தோடு கிடக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை.

இதைக் குழுவில் போடுவதற்கு முன் கார்த்திக்குக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

"சனிக்கிழமை அம்மாவுக்கு நடுவுல பாய் போட்டாச்சுடா, நீ போய்க் கதவு ஓரமா உட்காரு."