பெட்டிக்குள் ஊர்க்காற்று

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன். விஞ்ஞானச் சங்கதியை எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தில் நான் சுத்தம் செய்யும் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. வெளியே குளிர் எலும்பைக் குடையும். பெட்டிக்குள் நம் ஊர்ச் சூடும் ஈரமும். துடைக்கத் திறந்தால் தேங்காய்ப்பட்டணத்துக் காற்று முகத்தில் அடிக்கும். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகளை அதில் வைத்து வதைக்கிறார்கள். ஸ்ட்ரிப்பின் நுனியில் என்சைம் என்று ஒன்று பூசியிருக்கிறது. அது இரத்தத்தின் சர்க்கரையோடு சேரும்போது சிறு மின்சாரம் உண்டாகும். அதை அளந்துதான் மீட்டர் எண்ணைக் காட்டுகிறது. சூடும் ஈரமும் பட்டு என்சைம் கெட்டால் எண் குறைந்துவிடும். கெடாமலிருக்க மேலே புதுப்புதுப் பூச்சுகள் போட்டுப் பார்க்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் ஈஃபா என்ற பெண் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். இதுவரை எல்லாப் பூச்சும் தோற்றிருக்கிறது.

மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து, கூட வந்தவன் நான். ஊரில் அண்ணன் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிறார், சர்க்கரைக்காரர். போன லீவில் அவருக்கு ஸ்ட்ரிப் டப்பாக்கள் கொண்டுபோனேன். வெளிநாட்டுச் சாமான் சோப்பானாலும் சென்ட்டானாலும் பங்குவைப்பதுதானே நம் வழக்கம். அண்ணன் டப்பாக்களைத் திறந்து, ஸ்ட்ரிப்புகளைப் பேப்பரில் மடித்து டீக்கடைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிட்டார். மீட்டர் ஒன்றுதான், அது கடை மேசையிலேயே இருக்கும். அவர் பங்கு சட்டைப் பையில், வியர்வையிலும் உப்புக்காற்றிலும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில், "காலு புண்ணு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"ஏலே, அது செருப்பு கடிச்சது. சுகரு நல்ல கணக்குல நிக்குது. மாத்திரையே நிறுத்தியாச்சு."

பையிலிருந்து பேப்பர் பொதியை எடுத்துக் காட்டினார்.

"அண்ணே, அது கெட்டுப்போச்சு. எண்ணைக் கொறச்சிக் காட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"பெருக்கித் தூத்துவாரப் போன எடத்துல டாக்டராயிட்டியா மக்கா? வெளிநாட்டுச் சாமான் கெடுமாலே?"

பின்னாலிருந்து யாரோ, "டாக்டருக்கு ஒரு சாயா போடுடே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

புதன்கிழமை மைனி, அண்ணனின் மனைவி, அழுது பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது கால் கறுத்திருந்தது.

அன்று ஈஃபாவிடம், "இந்தப் பெட்டிக்குள் கெடாத ஸ்ட்ரிப் எப்போது வரும்?" என்று கேட்டேன். என் ஆங்கிலம் அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, "பெட்டியை நாளைக்குத் துடைக்கலாம், நீங்கள் வீட்டுக்குப் போங்கள்" என்று அன்பாகச் சொன்னாள்.

அவள் போனதும் பெட்டியைத் திறந்தேன். முகம் வியர்த்தது, முதுகு குளிரில் விறைத்தது. உள்ளே ஸ்ட்ரிப்புகள் வரிசையாகக் கிடந்தன. இத்தனை வருஷமாக நான் ஏங்கிக் கிடந்தது இந்தக் காற்றுக்குத்தான்.

மறுநாள் மார்த்தாண்டத்தில் அண்ணனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நான் வேலைக்குப் போய்ப் பெட்டியைத் துடைத்தேன்.