கலைச்செல்விக்கு ஒரு கம்ப்யூட்டர்

போன வாரம் ஒரு கணவன் மனைவி சண்டைக்கு நடுவராகப் போனேன். சண்டை மாமியாரைப் பற்றி அல்ல... கம்ப்யூட்டரைப் பற்றி!

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு ஆபீஸ் நடத்துகிறார்கள் கலைச்செல்வியும் அவள் கணவன் குமரனும். வீட்டு பிளான் வரைவது தொழில். இரண்டு பேரின் அப்பாக்களும் மில் தொழிலாளிகள். சொந்த ஆபீஸ் என்று போர்டு மாட்டிய அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள்.

அவர்களுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. மார்கெரித் அம்மாவின் புது வீடு. அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் — பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் இவர்களை 'சொல்தா' என்போம். அம்மா இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில்.

"கட்டறதுக்கு முன்னாடி உள்ள ஒரு சுத்து போய்ப் பாத்துடணும். கட்டினப்புறம் இடிக்கச் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார் அம்மா.

நியாயம்தானே? கலைச்செல்வி முழு வீட்டையும் த்ரீ-டி படமாகச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் கணவரும் பார்க்க வந்தார்கள். நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். திரையில் வாசல் தாண்டி, ஹால் தாண்டி... சமையலறைத் திருப்பத்தில் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது.

"என் சேர் மாதிரியே முட்டிக்கிட்டு நிக்குதே!" என்று அம்மா சிரித்தார்.

கணவர் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை வர்றோம். அன்னிக்கும் நின்னுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்."

கலைச்செல்வியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆக, ஆறு நாளுக்குள் புது கம்ப்யூட்டர். எது வாங்குவது? குமரனுக்கு 'பெர்ஃபார்மன்ஸ் டெஸ்க்டாப்' வேண்டும். படு வேகம். பக்கவாட்டில் நீல விளக்கு வேறு எரியும். கலைச்செல்விக்கு 'வொர்க்ஸ்டேஷன்'. கனமான வரைபட வேலைக்கென்றே செய்தது, நாள் முழுக்க ஓட்டினாலும் தடுமாறாது என்கிறாள். பார்ப்பதற்குக் கறுப்பு டிரங்குப் பெட்டி.

"சார், நீங்களே சொல்லுங்க" என்று என்னைக் கடைக்கு இழுத்துப் போனார்கள். எப்போதோ கம்ப்யூட்டர் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டேனாம்! எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்து தருவது என் மனைவிதான் என்பதை அதில் நான் எழுதவில்லை.

"ரெண்டுமே சூப்பர் மெஷின் சார்" என்றார் கடைக்காரர். இதைக் கேட்கவா வந்தோம்?

கலைச்செல்வி கைப்பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தாள். "அண்ணே, இந்த வீட்ட ரெண்டுலயும் போட்டுக் காட்டுங்க."

நீல விளக்கு மெஷின் நொடியில் வீட்டைத் திறந்தது. குமரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பத்து நிமிடம் சுற்றினோம்... மாடிப்படியைக் காணோம்! கோடு கோடாக நடுங்கி மறைந்துவிட்டது. கறுப்புப் பெட்டி நிதானமாகத்தான் திறந்தது. ஆனால் அரை மணி நேரம் போட்டு உருட்டியும் படி படியாகவே இருந்தது.

"ஆபீஸுக்கு ரெண்டா எடுத்துக்கோங்க மேடம்" என்றார் கடைக்காரர்.

"கறுப்பு ஒண்ணு போதும்ணே. லெட்டர் அடிக்கறதுக்குப் பழசே ஓடும்" என்றாள் கலைச்செல்வி. குமரன் நீல விளக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே வந்தான்.

சனிக்கிழமை. எல்லோரும் கூடியிருக்க, புது மெஷினில் படம் ஓடியது. சமையலறைத் திருப்பத்தையும் வழுக்கிக்கொண்டு கடந்தது. கலைச்செல்வி மூச்சு விட்டாள். மார்கெரித் அம்மா மட்டும் கழுத்தை நீட்டி நீட்டித் திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, புடிக்கலையா?" என்றாள் கலைச்செல்வி.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நின்னுக்கிட்டுப் பாக்கறவங்க வீடு. நான் உக்காந்துல்ல பாப்பேன்?"

நடந்து திரியும் எங்களில் ஒருவருக்காவது இது தோன்றியதா?

குமரன்தான் சட்டென்று எழுந்தான். டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அம்மாவின் கண் வரை அளந்தான். படத்தின் பார்வையை அந்த உயரத்துக்கு இறக்கினான். வீடே மாறிப் போனது! ஜன்னலில் தெருவைக் காணோம், வெறும் சுவர்தான். ஸ்விட்செல்லாம் எங்கோ உயரத்தில்.

கலைச்செல்வி அங்கேயே ஜன்னலைக் கீழே இறக்கினாள். வாசல் வேப்பமரம் முழுசாக வந்து நின்றது.

"வுவாலா! இதோ, இதுதான்!" — அம்மா கை தட்டினார். முதல் முறையாகக் கணவரும் சிரித்தார். "இதையே கட்டிடுங்கம்மா."

கலைச்செல்வி, குமரன் தோளில் ஒரு குத்து விட்டாள். சண்டை தீர்ந்தது. நடுவர் தேவைப்படவே இல்லை.

ஒரு மெஷின் வாங்கப் போனால் வேகம் என்ன, மெமரி என்ன என்று நூறு கேள்வி கேட்கிறோம். யாருடைய கண்ணுக்காக அது ஓடப் போகிறது என்று மட்டும் கேட்பதில்லை.

"இன்னொரு சுத்து போலாமா?" என்றார் அம்மா. ஐந்து சுற்று போனோம்.

மெஷின் அசரவே இல்லை... உட்கார்ந்த இடத்திலேயே எனக்குத்தான் கால் வலித்தது!