ஒரு விரற்கடை உயரம்

பீங்கானைக் காதோரம் வைத்து நகத்தால் சுண்டுவாள். 'ணங்' என்றால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே கீறல். விருத்தாசலம் பொம்மைப் பட்டறையில் பதினாறு வருஷமாகத் திரௌபதி கண்ணை மூடிக்கொண்டுதான் இதைச் செய்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவாள்.

"எங்கடி போயிட்ட?" என்பாள் பக்கத்தில் வர்ணம் பூசும் ஆதிலட்சுமி.

"இங்கதாங்க்கா இருக்கேன், கொஞ்சம் தள்ளி."

முகம் எழுதாத பொம்மைகளோடு மட்டும் பேசுவாள். "கண்ணு வச்சிட்டா அதுங்க நம்மளப் பாக்குதுங்க. கூச்சமா இருக்குது."

ஆனி மாசம் உயிரியல் டீச்சர் இளமதி வந்து, பிளஸ் டூ வகுப்புக்குக் கருமுட்டை ஒன்று, விந்தணு ஒன்று பீங்கானில் வேண்டும் என்று படம் கொடுத்துவிட்டுப் போனார். பட்டறையில் ஜோடி என்றால் ஆண் பொம்மை பெண் பொம்மையைவிட ஒரு விரற்கடை உயரம். யாரும் எழுதி வைத்ததில்லை, அச்சே அப்படித்தான். திரௌபதியும் அந்தக் கணக்கில் முட்டையைத் தேங்காய் அளவுக்கும், விந்தணுவின் தலையை அதைவிட ஒரு விரற்கடை பெரிதாகவும் வார்த்து வைத்தாள். வால் உலக்கை மாதிரி இருந்தது.

இளமதி சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, முட்டை இந்தத் தேங்காயின்னா, அவரு தலை ஒரு கொண்டக்கடலைதான். வாலு பாதித் தேங்கா நீளம் இருந்தா ஜாஸ்தி."

"அவ்ளோதானா?" என்றாள் ஆதிலட்சுமி. "அதுக்கா இந்த மீச முறுக்கு?"

மறுபடி வார்த்தார்கள். கடலையளவு தலைக்கு மண்ணில் வால் நிற்கவில்லை, சூளையில் ஒடிந்தது. சுட்ட பிறகு கம்பி செருகினாள். முட்டையை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத் துடைத்து வழவழப்பாக்கும்போது டீச்சர் சொன்னது உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. முட்டை தானாக நகராது. முதல் சில நாளைக்கான சோற்றை உள்ளேயே கட்டி வைத்திருக்கிறது. சின்னவன் மூட்டை முடிச்சு எதுவும் எடுக்காமல், பாதிச் சேதியும் ஒரு வாலுமாகக் கிளம்புகிறான். கோடிக்கணக்கில் கிளம்பி ஒருவன் நுழைந்ததும் கதவு சாத்திக்கொள்கிறது. வெயில் தகரக் கூரையின் ஓட்டை வழியே முட்டை மேல் காசு காசாக விழுந்தது. மிதக்கும் தூசியெல்லாம் நீந்துவதுபோல் இருந்தது அவளுக்கு. டீ ஆறி ஆடை கட்டியது.

வயசு முப்பத்தாறு, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. மாசாமாசம் கடலூர் டாக்டரம்மாவிடம் தனியாகத்தான் போய் வருகிறாள். ஊசி, ஸ்கேன், மாத்திரை எல்லாம் அவளுக்கு. "வூட்டுக்காரரையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா" என்று மூன்று தடவை சொல்லியாயிற்று. புருஷன் விருத்தகிரி திட்டக்குடி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். "எனக்கென்னாடி கொறச்சல்? அறுபது பேர் நிக்கிற வண்டிய ஒத்த ஆளா பாக்கறேன்" என்பதோடு அவன் பேச்சு முடிந்துவிடும்.

அன்று சாப்பாடு போடும்போது அவளே ஆரம்பித்தாள். "ஏங்க, ஆம்பளைக்கு டெய்லி புரொடக்‌ஷனாம். எங்களுக்குப் பொறக்கறதுக்கு முந்தியே போட்டு வச்ச சரக்காம். தீந்தா தீந்துச்சு."

"யாரு சொன்னது?"

"டீச்சரு."

"அதுக்கு?"

"டெய்லி சூளை போடுற எடத்துல சரக்க எடுத்து ஒரு தடவ சுண்டிப் பாக்க மாட்டாங்களா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு ரசம் கேட்டான்.

அடுத்த திங்கள் அவள் கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் வழக்கம்போல் பையை வைத்திருந்தாள். வண்டி நகரும்போது விருத்தகிரி பின்படியில் ஏறினான். காக்கிச் சட்டை இல்லை. பையைத் தள்ளிவிட்டு, சீட்டின் நுனியில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தான். அந்த வண்டிக் கண்டக்டர் வளவன் அவனுக்குச் சிநேகிதன்.

"என்னா மாமா, டூட்டி இல்லியா? அக்காவுக்கு ஒடம்பு முடியலியா?"

வண்டி ரயில்வே கேட் தாண்டியது. விருத்தகிரி, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் சத்தத்தில் சொன்னான். "அவளுக்கு ஒண்ணுமில்லடா. எனக்குத்தான் டெஸ்ட்டு."

திரௌபதி ஜன்னலைப் பார்த்தபடியே, நடுவில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.