கூரையை நிமிர்த்திய பென்சில் கோடு

ட்ரேசிங் தாளில் பென்சிலால் இழுத்த ஒரு கோடு அது. ஒரு சாண் நீளம்கூட இராது. திங்கட்கிழமை காலை நான் அலுவலகத்துக்கு வந்தபோது, என் மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் அந்தத் தாள் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் ஒரு மூலையில் என்னுடைய அளவுகோலையே பாரம் வைத்திருந்தார்கள். அடியில் இருந்தது, நான் மூன்று மாதம் கண் வலிக்கக் கீறிய உதைபந்தாட்ட மைதானத்தின் பார்வையாளர் மண்டபம். மேல்தாளினூடே தெரிந்ததும் அதே மண்டபம்தான், கூரை மட்டும் வேறு. என் கூரை முன்பக்கம் பணிந்து கிடந்தது. பென்சில் கூரை முன்பக்கம் நிமிர்ந்து நின்றது. பார்த்த மாத்திரத்திலேயே அதுதான் சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு கோபம் வந்ததற்கும் அதுதான் காரணம்.

கோட்டைப் போட்டவர் எங்கள் அலுவலகத்தில் வரைபடம் கீறும் ட்ராஃப்ட்ஸ்மன். என் வயதுதான். கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவரின் மகன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர். நான் பட்டம் பெற்ற பொறியியலாளர். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து வெள்ளவத்தையில் வீடெடுத்த நாள் முதல், படிப்பைத் தவிர வேறொன்றையும் எனக்கு வீட்டில் காட்டியதில்லை. அந்தக் கோட்டுக்கு முன்பே அந்த மனிதர்மேல் எனக்குப் பொறாமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் கை நடுங்காமல் வட்டம் போடுவார். தேநீர் கொண்டுவருபவர் முதற்கொண்டு இயக்குநர் வரைக்கும் அவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார்கள். என் மேசைக்கு வருபவர்கள் கையெழுத்து வாங்கவே வருவார்கள்.

அந்த மைதானம் இருந்த இடம் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். துறைமுகத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வரும்போது ஆளுக்குக் கொஞ்சம் கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டி அதை மேடாக்கினார்களாம். கப்பலில் வந்த மரப்பெட்டிகளை உடைத்து, அந்தப் பலகையிலேயே முதல் படிவரிசையை அடித்தார்கள். நான் போய்ப் பார்த்தபோதும் சில பலகைகளில் கறுப்பு மையில் வெளிநாட்டுத் துறைமுகங்களின் பெயர்கள் மங்கலாகத் தெரிந்தன. பிறகு கழகம் வளர்ந்தது. சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டது. சம்பளக்காரர் ஆடும் மைதானத்துக்குப் பெட்டிப்பலகை போதாது என்று எங்களிடம் வந்தார்கள். அது என் கைக்கு வந்த முதல் பெரிய வேலை.

புத்தகத்தில் உள்ளபடி நான் ஒன்றும் பிழைவிடவில்லை. மாலை வெயில் பார்ப்பவரின் முதுகில் விழும்படி மண்டபத்தை மேற்குப் பக்கம் வைத்தேன். முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலாகப் பின்னால் இருப்பவரின் கண் மைதானத்தின் கிட்டிய கோட்டைத் தொடவேண்டும். அதற்கேற்ப ஒவ்வொரு படியின் உயரத்தையும் கணக்கிட்டேன். சாரல் அடிக்காமல் இருக்கக் கூரையின் முன் விளிம்பைத் தாழ்த்தினேன். கீறி முடித்தபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

“மிஸ், ஒரு மெட்ச் பார்த்திருக்கிறீங்களா?” என்று அதைப் பார்த்துவிட்டு ட்ராஃப்ட்ஸ்மன் கேட்டார்.

பார்த்ததில்லை. பந்தடி பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா அப்பாவைப் பார்த்தார், அப்பா பேப்பரைப் பார்த்தார். அந்தத் திங்கட்கிழமைக்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பழைய பலகைப் படியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஒழுங்காக உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கியதும் எல்லாரும் எழும்பினார்கள். பிறகு ஒருவரும் உட்காரவில்லை.

“எழும்புங்க மிஸ். இல்லாட்டி முன்னுக்கு நிக்கிறவர்ட ஷேர்ட்டைத்தான் பார்ப்பீங்க.”

எழும்பினேன். கோல்காப்பாளர் ஓங்கி உதைத்த பந்து வானத்துக்குப் போனது. அத்தனை பேருடைய முகமும் ஒன்றாக மேலே போய், ஒன்றாகக் கீழே வந்தது. துறைமுகத்துக்காரர்களின் ஆட்டம் அப்படி. பந்து நிலத்தில் இருப்பதைவிட ஆகாயத்தில் இருப்பதே அதிகம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான். ட்ராஃப்ட்ஸ்மன் பக்கத்தில் நின்று சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் உட்புறத்தில் ஏதோ கீறிக்கொண்டிருந்தார். ஆட்டத்தைப் பார்க்காமல் என்ன செய்கிறார் என்று நினைத்தேன்.

அவர் கீறியதைத்தான் திங்கட்கிழமை மேசையில் கண்டேன். என் கணக்கு முழுவதும் உட்கார்ந்திருப்பவர்களுக்கானது. பின்வரிசையில் ஒருவர் எழும்பி நின்றால், என்னுடைய தாழ்ந்த கூரை ஆகாயத்தை வெட்டிவிடும். பந்து மேலே போய் மறைந்து, எங்கேயோ வந்து விழும்.

“யாரைக் கேட்டுக் கோடு போட்டனீங்கள்?” என்றேன்.

“கேக்கல்ல மிஸ். சும்மா பாருங்க.”

“முன்வரிசை நனையுமே.”

“நனைவாங்க. நனைஞ்சா ஒண்டும் சொல்லமாட்டாங்க. பந்து தெரியாட்டிக் கல்லெறிவாங்க.”

அவர் பிழை என்று காட்ட இரண்டு நாள் மினக்கெட்டேன். நிமிர்ந்த கூரைக்கு அடியில் காற்றுப் புகுந்தால் அது விரித்த குடைபோல மேலே கிளம்பிவிடும் என்று கணக்கில் வந்தது. மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி ஒரு பகல்கூட நிலைக்கவில்லை. பின்பக்கத் தூண்களைக் கனமாக்கி, இரும்புக் கம்பிகளால் கூரையை அத்திவாரத்தோடு இழுத்துக் கட்டினால் நிற்கும் என்பதையும் நானே கண்டுபிடித்துவிட்டேன்.

பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு வரைபடத்தின் வலது மூலையிலும் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். வடிவமைத்தவர் ஒரு கட்டம், வரைந்தவர் ஒரு கட்டம், சரிபார்த்தவர் ஒரு கட்டம். பென்சில் கோட்டை என் வரைபடத்துக்கு மாற்றி நானே மை ஓட்டினேன். வடிவமைத்தவர் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். வரைந்தவர் கட்டத்தில் வழக்கம்போல அவர் பெயரின் முதலெழுத்துகள். பென்சில் தாளைக் கசக்கிக் கூடைக்குள் போட்டேன். அவர் மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரி மிஸ்” என்றார்.

மண்டபம் எழும்பியது. பேர் வாங்கினேன், பதவி உயர்வும் வாங்கினேன். வாசல் சுவரில் ‘வடிவமைப்பு’ என்று என் பெயரைப் பளிங்கில் வெட்டிப் பதித்தார்கள். ஆனால் அங்கே போகும்போதெல்லாம் எல்லாரும் அண்ணாந்து பார்த்தது அந்தக் கூரையைத்தான். வெயிலில் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு ஒருவன் வானத்தைப் பார்ப்பதுபோல அது நிற்கும். அதைப் பறக்காமல் பிடித்துவைத்திருக்கும் என் கம்பிகளை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பெயர் என்னிடம் இருந்தது. அழகு அவருடையதாக இருந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததில்லை.

போன மாதம் கழகத்தின் செயலாளர், சின்ன வயதுக்காரர், வீட்டுக்கு வந்தார். மண்டபத்தைப் புதுப்பிக்கிறார்கள், நினைவு மலர் போடுகிறார்கள், மைதானத்தின் வரலாற்றை நான்தான் எழுதவேண்டும் என்றார். நான் ஓய்வுபெற்றுப் பல வருடம். எழுத உட்கார்ந்தேன். சதுப்பு நிலம் வந்தது, பெட்டிப்பலகை வந்தது, கூரைக்கு வந்ததும் பேனா நின்றது.

வத்தளையில் மகளோடு இருக்கும் ட்ராஃப்ட்ஸ்மனைத் தேடிப் போனேன். மெலிந்திருந்தார். கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை.

“கூரை உங்கடை எண்டு எழுதப்போறன்” என்றேன்.

“விடுங்க மிஸ். இப்ப எழுதினா, இவ்வளவு காலமும் ஏன் சொல்லல்ல எண்டு ஆக்கள் உங்களைத்தானே கேப்பாங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோடுதான் அவருடையது என்றால், பெருந்தன்மையும் அவருக்கேவா? இதிலாவது நான் முந்தவேண்டும் என்று வீம்பு பிடித்தது. மனச்சாட்சி என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அது பொறாமை. அன்றைக்கே உட்கார்ந்து, சிகரெட் பெட்டியிலிருந்து கசக்கிய தாள் வரை ஒன்று விடாமல் எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் தொலைபேசியில் வந்தார். பதறுவார், குறைந்தது தயங்குவார் என்று எதிர்பார்த்தேன்.

“நல்லா இருக்கு மிஸ். ஆனா இது எங்க எல்லாருக்கும் தெரியுமே.”

“என்ன தெரியும்?”

“கூரைக் கதை. அவர் சிகரெட் பெட்டியில கீறக்குள்ள எங்கட அப்பா பக்கத்திலதான் நிண்டவர். மிஸ்ஸுக்கு முன்னால அதைக் கதைக்கக் கூடாது எண்டு ட்ராஃப்ட்ஸ்மன் அங்கிள் எங்களுக்கெல்லாம் சொல்லி வச்சிருந்தார். அந்தக் கம்பிக் கணக்கு மட்டும் எங்களுக்குத் தெரியாது மிஸ். அதைக் கொஞ்சம் கூட எழுதித் தாங்க.”

எழுதித் தருகிறேன் என்று தொலைபேசியை வைத்தேன். இத்தனை காலமும் ஒவ்வொரு வருட இறுதியாட்டத்துக்கும் கழகத்துக்காரர்கள் என்னைக் காரில் கூட்டிப்போய், முன்வரிசையில் இருத்தி, சோடா கொடுத்து, “மிஸ்தான் எங்கட கூரையைக் கீறினவங்க” என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார்கள். நானும் தலையாட்டிச் சிரித்தேன். அத்தனை பேரும் தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறார்கள். கோடு போட ஒரு கை, சொல்லாதே என்றால் சொல்லாமல் இருக்க ஓர் ஊர், இரண்டும் அந்த மனிதருக்குக் கிடைத்திருக்கின்றன. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.